நெரிசலான வண்டியை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கலாமா?

கேள்வி: புறநகர் ரயிலில் தினமும் வேலைக்குச் செல்கிறேன். தாமதமாக வரும் வண்டி பிதுங்கி வழிகிறது. அதை விட்டால் சற்று நேரத்தில் ஓரளவு காலியான வண்டி வருகிறது. காத்திருப்பது எப்போதும் சரிதானா?

பதில்: பெரும்பாலும் சரி, ஆனால் தாமதத்தின் காரணத்தைப் பொறுத்து விடை மாறும்.

நிமிடத்துக்கு 10 பேர் வந்துசேரும் நடைமேடையில் 6 நிமிடத்துக்கு ஒரு வண்டி வருவதாகக் கொள்வோம். வழக்கமாக ஒவ்வொரு வண்டிக்கும் 60 பேர் காத்திருப்பார்கள். ஒன்று மட்டும் 3 நிமிடம் பிந்தினால் அதற்கு 90 பேர் சேர்ந்துவிடுவார்கள். நேரத்துக்கு வரும் அடுத்ததற்கு 30 பேரே இருப்பார்கள். 90 பேர் ஏறி முடிக்கக் கூடுதல் நேரம் பிடிப்பதால், முன்வண்டி ஒவ்வொரு நிலையத்திலும் மேலும் பிந்துகிறது. பின்வண்டியோ சீக்கிரம் புறப்பட்டு அதை நெருங்கிக்கொண்டே வருகிறது. பேருந்துகள் கூட்டாக வந்துசேர்வதற்கு ஆய்வாளர்கள் நியூவெல், பாட்ஸ் இருவரும் 1964-இல் கணித விளக்கம் அளித்தபோது காட்டியதும் இதே சுழற்சியைத்தான்.

ரயிலில் இந்த நெருக்கத்துக்குச் சிக்னல் ஓர் எல்லை வகுக்கிறது. முன்வண்டி நடைமேடையை விட்டு விலகிப் போதிய தொலைவு செல்லும்வரை பின்வண்டி சிவப்பு விளக்கில் நிற்க வேண்டும். ஒரே தடத்தில் அது முந்தவும் முடியாது என்பதால், காத்திருப்பவர் இழப்பது இரண்டு வண்டிகளுக்கும் இடையிலான சில நிமிடங்களை மட்டுமே. அறிவிப்புப் பலகை அடுத்த வண்டியை இரண்டு மூன்று நிமிடத்தில் காட்டினால், தயங்காமல் முதல் வண்டியை விட்டுவிடுங்கள். அடுத்து வருவது உங்கள் நிலையத்தில் நிற்காமல் செல்லும் விரைவு வண்டியா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வண்டி ரத்தாகியிருந்தால் கணக்கு வேறு. அப்போது அடுத்தது முழு இடைவெளி கழித்தே வரும். ஏற முடியாமல் நின்றவர்களும் அதற்கே காத்திருப்பார்கள். சிக்னல் பழுதென்றாலும் காத்திருப்பதில் பயனில்லை: பின்னால் நிற்கும் வண்டிகளும் நிரம்பியிருக்கக்கூடும், தடை நீங்கியதும் முதலில் நகர்வது முன்னால் நிற்பதுதான். இந்த இரண்டு நிலைகளிலும் பாதுகாப்பாக ஏற இடமிருந்தால் ஏறிவிடுவதே நல்லது.

வண்டியை மாற்றுவதற்கு முன் பெட்டியை மாற்றிப் பார்ப்பதும் பலன் தரும். படிக்கட்டுக்கு நேரே நிற்கும் பெட்டிகளில்தான் கூட்டம் குவிகிறது. முனைய நிலையத்தின் வாயில் தண்டவாளம் முடியும் பக்கம் இருந்தால், அந்த முனைப் பெட்டிகளும் நிறைந்துவிடும். இரண்டுக்கும் விலகியுள்ள பெட்டியைத் தேர்ந்து, இறங்குபவர்களுக்கு வழிவிட்டு ஏறுங்கள். கதவடியில் வீணாகும் நொடிகளே அடுத்தடுத்த நிலையங்களில் நிமிடங்களாக வளர்கின்றன.