அவசரமா வருது, அடக்க முடியல: சிறுநீர்ப்பை மாத்திரைகள் பற்றிக் கேள்வி பதில்

கேரள-தமிழ்நாடு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் சுற்றுவட்டாரத்து ஆட்கள் கேட்ட கேள்விகள் இவை. நான் மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள், டாக்டர் இல்லை. மாத்திரை உள்ளே போய் என்ன செய்யும், சாப்பிடுகிறவருக்கு அது எப்படித் தெரியும் என்பது வரைக்கும் சொல்வேன். எழுதுவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டர் பாடு.

கேள்வி: அக்கா, நான் வேலந்தாவளம் சந்தையில் காய்கறி எடுத்து கோவைக்குக் கொண்டு போறவ. வயசு 52. சாலிஃபெனாசின் 5 மில்லிகிராம் பத்து நாளா சாப்பிடறேன், முன்ன மாதிரியேதான் பத்துப் பதினொரு தடவை போறேன். காசு தண்டமா?

பத்து நாளில் முடிவு கட்டாதீங்க. முழுப் பலன் தெரிய நாலு வாரமாவது ஆகும், டாக்டர்களும் பொதுவாக நாலில் இருந்து எட்டு வாரம் பார்த்துவிட்டுத்தான் மாற்றுவார்கள். அப்புறம், நீங்கள் தடவையை மட்டும் எண்ணுகிறீர்கள், அதில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள். சிறுநீர்ப்பை நிறையும் முன்பே அதன் தசை சுருங்குவதுதான் உங்கள் தொந்தரவு. அந்தச் சுருக்கத்துக்கு நரம்பு அனுப்பும் உத்தரவை இந்த மாத்திரை மட்டுப்படுத்துகிறது, அவ்வளவுதான். மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் இந்த வகை மருந்துகள் குறைத்தது சராசரியாக நாளைக்கு ஒரு தடவை, பல நேரம் அதற்கும் கம்மி. கேட்டால் சப்பென்று இருக்கும். ஆனால் முட்டுவதற்கும் சொட்டுவதற்கும் நடுவில் உங்களுக்கு இரண்டு நிமிடம் இருந்தது ஐந்து நிமிடம் ஆனால், புடவை நனையாமல் கழிப்பறை வரை நடந்து போய்விடலாம், பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வியர்க்க வேண்டாம். அதைக் கவனியுங்கள். மூன்று நாள் ஒரு நோட்டில் எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு போனது, அவசரம் எப்படி இருந்தது, சொட்டியதா என்று எழுதி வைத்து, நாலு வாரம் கழித்து மறுபடி மூன்று நாள் எழுதுங்கள். டாக்டரிடம் "பரவாயில்லைங்க" என்று சொல்வதைவிட அந்த நோட்டு நன்றாகப் பேசும்.

இன்னொன்று, பஸ் ஏறும் முன் தண்ணீரே குடிக்காமல் போகிறவர்கள் நிறைய. சிறுநீர் கெட்டியாகி எரிச்சலைத்தான் கூட்டும். குறைக்க வேண்டியது டீயை.

கேள்வி: வாய் காஞ்சு போகுது, அதுக்குத் தண்ணி குடிச்சா மறுபடி ஒண்ணுக்கு. இதுக்கு மாத்திரை சாப்பிடாமலே இருந்திருக்கலாம்.

நியாயமான கோபம். மாத்திரையை விடுகிறவர்களில் பலர் விடுவது இதற்காகத்தான். பைக்குப் போகிற அதே வகை உத்தரவுதான் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் குடலுக்கும் போகிறது, மருந்து அங்கேயும் கை வைக்கிறது. சொம்பு சொம்பாகக் குடிக்காமல் வாயை நனைக்கிற அளவுக்கு ஒவ்வொரு மடக்காகக் குடியுங்கள், சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லுங்கள். மலச்சிக்கலைச் சும்மா விடாதீங்க, இறுகின குடல் பையை அழுத்தி அவசரத்தை அதிகமாக்கும், அப்புறம் மாத்திரை வேலை செய்யவில்லை என்று தோன்றும். இதே வகையைச் சேர்ந்த ஆக்ஸிபியூட்டினின் என்ற மருந்தின் சாதா மாத்திரையில் வறட்சி அதிகம், மெதுவாகக் கரையும் வகையில் குறைவு. அதுவும் தாங்கவில்லை என்றால் மிராபெக்ரான் என்று வேறு வழியில் வேலை செய்யும் மாத்திரை இருக்கிறது, அதில் வாய் வறட்சி ரொம்பக் குறைவு. கேட்டு வாங்குங்கள், நீங்களாக நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்து "கேக்கல டாக்டர்" என்று போய் நிற்காதீர்கள்.

கேள்வி: எனக்கு பிரஷர் இருக்கு, மெட்டோபுரோலால் சாப்பிடறேன். அந்த மிராபெக்ரான் ஆகுமா?

கட்டுப்பாட்டில் இருந்தால் பெரும்பாலும் ஆகும். 180க்கு 110 என்கிற அளவில் எகிறி நிற்பவருக்குக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் மெட்டோபுரோலால் ரத்தத்தில் தங்கும் அளவை மிராபெக்ரான் கூட்டும், நாடி குறையலாம். அதனால் இதய டாக்டர் எழுதின சீட்டையும் காட்டுங்கள், ஆரம்பத்தில் பிரஷரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மாத்திரையை உடைக்காமல் முழுசாக விழுங்கணும். முழுப் பலனுக்கு எட்டு வாரம் கூட ஆகலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 74. ஆக்ஸிபியூட்டினின் ஆரம்பிச்சதில் இருந்து சொட்டு நின்னுடுச்சு, ஆனா ஒரு மாதிரி மந்தமா, கேட்டதையே கேட்கறாங்க. வயசுனால தானே?

வயசு என்று தள்ளிவிடாதீங்க, இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள். ஆக்ஸிபியூட்டினின் மூளைக்குள்ளும் போகும், வயதானவர்களுக்கு மறதி, குழப்பம், தள்ளாட்டம் தரலாம். கூடவே அரிப்புக்கு அவில், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் என்று இருந்தால் எல்லாம் ஒரே திசையில் சேர்ந்து தள்ளும். வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மூளைக்குள் குறைவாகப் போகும் ட்ராஸ்பியம் மாதிரி மருந்தோ, மிராபெக்ரானோ மாற்றித் தரலாம். சொட்டு நின்றது நல்லதுதான், ஆனால் அதற்கு அம்மாவின் தெளிவை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: பாலக்காட்டில் ஒரு பெட்டி, பொள்ளாச்சியில் ஒரு பெட்டி வாங்கினேன், பேர் வேற வேற. இரண்டும் சாப்பிடணுமா?

வேண்டாம்! எல்லைப்பக்கத்தில் எனக்குப் பெரிய பயமே இதுதான். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பேர், கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. இரண்டிலும் சாலிஃபெனாசின் என்று இருந்தால் ஒன்றைத்தான் சாப்பிட வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு பிராஸ்டேட் வீக்கம். என் மாத்திரையை அவருக்குக் கொடுக்கலாமா?

கூடாது. முழுசாக வடியாமல் தேங்குகிறவருக்கு இது சிறுநீரை அடியோடு அடைத்துவிடலாம். குறுகிய கோண கிளாக்கோமா (கண்ணுக்குள் அழுத்தம் கூடும் நோய்) இருந்தாலும் ஆபத்து. முதலில் ஸ்கேனில் மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கட்டும்.

கேள்வி: பகல்ல பரவாயில்ல, ராத்திரி மட்டும் நாலு தடவை எழும்பறேன். டோஸ் கூட்டலாமா? வயசு 68.

முதலில் அளந்து பாருங்கள். பழைய பிளாஸ்டிக் ஜாடி போதும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகத்தான் போகிறதென்றால் பையின் குறும்பு, டோஸ் பற்றிக் கேட்கலாம். நிறையப் போனால், ராத்திரிப் பங்கு ஒரு நாளைய மொத்தச் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், பை பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. பலருக்கு, பகல் முழுக்கக் காலில் தேங்கின நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி சிறுநீராகிறது. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக் கால் வீங்குகிறவர்கள், சாயங்காலம் நீர் மாத்திரை போடுகிறவர்கள், குறட்டை விட்டு மூச்சுத் திணறுகிறவர்கள் எல்லாம் ராத்திரி நிறையப் போகிற இந்தக் கணக்கில் வருவார்கள். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் சாப்பிட்டால் சிறுநீரே கூடும், அதையும் சொல்லிவிடுங்கள். இதில் எதற்கும் பை மாத்திரையைக் கூட்டிப் பிரயோஜனம் இல்லை, வாய்தான் இன்னும் காயும். சாயங்காலம் ஒரு மணி நேரம் காலைத் தூக்கி வைத்துப் படுத்துப் பாருங்கள், நீர் மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள், அளந்த கணக்கையும் கையோடு கொண்டு போங்கள்.