சாளரம் இல்லாமல் ஜிம்ப்: கேள்வி–பதில்

ஜிம்ப் படத்தொகுப்பு நிரலைக் கட்டளை வரியிலிருந்து இயக்குவது, அதன் அமைப்புகளைக் கோப்பு வழியாக மாற்றுவது ஆகியவை குறித்து வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன். பதிப்பைத் தனியாகக் குறிப்பிடாத இடங்களில் 2.10 பதிப்பைக் கருத்தில் கொள்ளவும். கட்டளைகள் தமிழ் எழுத்தில் ஒலிப்படி தரப்பட்டுள்ளன. கட்டளைகளை எழுத்தாகத் தந்து இயக்கும் இடமான முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

கேள்வி: சின்னத்தைச் சொடுக்கினாலே ஜிம்ப் திறந்துகொள்ளும்போது, முனையத்திலிருந்து ஏன் திறக்க வேண்டும்? எப்படித் திறப்பது?

ஒரு படத்தைத் திருத்துவதற்கு முனையம் தேவையில்லை. ஒரே வேலையை நூற்றுக்கணக்கான படங்களுக்குச் செய்ய வேண்டியிருந்தாலோ, நிரல் ஏன் தடுமாறுகிறது என்று கண்டறிய வேண்டியிருந்தாலோதான் முனையம் பயன்படுகிறது. லினக்ஸில் 'ஜிம்ப்' என்று தட்டினால் போதும். மேக்கில் பயன்பாட்டுத் தொகுப்பின் உள்ளே 'கன்டென்ட்ஸ்', 'மேக்ஓஎஸ்' என்ற கோப்புறைகளுக்குள் இயக்கக் கோப்பு இருக்கிறது. விண்டோஸில் 'ஜிம்ப்-2.10' என்பதுடன் 'ஜிம்ப்-கன்சோல்-2.10' என்ற இன்னொரு இயக்கக் கோப்பும் நிறுவப்படும். செய்திகளை முனையத்திலேயே படிக்க விரும்புவோர் இந்த இரண்டாவதைப் பயன்படுத்துவது நல்லது. '--ஹெல்ப்' என்று சேர்த்தால் எல்லா விருப்பங்களின் பட்டியலும், '--வெர்ஷன்' என்று சேர்த்தால் பதிப்பு எண்ணும் கிடைக்கும்.

கேள்வி: நிரல் தொடங்குவதற்கே நெடுநேரம் ஆகிறது. கட்டளை வரியில் இதை விரைவுபடுத்த வழி உண்டா?

உண்டு. ஆனால் முதலில் '--வெர்போஸ்' என்ற விருப்பத்துடன் ஒருமுறை தொடங்கி, எந்த வரி திரையில் நெடுநேரம் நிற்கிறது என்று பாருங்கள். காரணம் தெரியாமல் எல்லா விருப்பங்களையும் அடுக்குவதில் பயனில்லை.

புதிதாக நிறுவிய பின் முதல் முறை தொடங்கும்போது மட்டும் தாமதம் ஏற்பட்டால் கவலைப்பட வேண்டாம். அப்போது ஜிம்ப் ஒவ்வொரு செருகுநிரலையும் (கூடுதல் வசதி தரும் சிறு நிரலையும்) தனித்தனியே இயக்கி, அது என்ன செய்யக்கூடியது என்று கேட்டு, விடைகளை 'பிளக்இன்ஆர்சி' என்ற கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அந்தக் கோப்பைப் படித்தால் போதும். பழுதான ஒரு செருகுநிரலை நீக்கிய பின்னும் குழப்பம் தொடர்ந்தால் இந்தக் கோப்பை அழித்துவிடலாம், நிரல் அதை மீண்டும் உருவாக்கிக்கொள்ளும்.

எழுத்துருக்களில் நின்றால் '-எஃப்', அதாவது '--நோ-ஃபான்ட்ஸ்', உதவும். 2.10.4 வெளியீடு முதல் எழுத்துருக்கள் பின்னணியில் ஏற்றப்படுவதால் இந்தத் தாமதம் பெரிதும் குறைந்துவிட்டது. இருந்தாலும் பழுதான ஓர் எழுத்துருவால் நிரல் உறைந்து நிற்கிறதா என்று சோதிக்க இந்த விருப்பம் இன்றும் கைகொடுக்கிறது. '-டி', அதாவது '--நோ-டேட்டா', தூரிகைகள், வண்ணச்சாய்வுகள், வண்ணத்தட்டுகள், கோலங்கள் எதையும் ஏற்றாமல் தொடங்கும். '-எஸ்' தொடக்கப் படத்தை மட்டுமே மறைக்கிறது, நேரத்தில் பெரிய மாற்றம் இராது.

'-டி', '-எஃப்' ஆகிய இரண்டையும் அன்றாடப் பயன்பாட்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. படங்களில் எழுத்துப் பொறிக்கும் ஸ்கிரிப்டை (தானாக இயங்கும் கட்டளைத் தொகுப்பை) '-எஃப்' போட்டு இயக்கிவிட்டு, எழுத்து ஏன் வரவில்லை என்று ஸ்கிரிப்டுக்குள் தேடிக்கொண்டிருப்பவர்கள் பலர்.

கேள்வி: முனையத்திலிருந்து படத்தைத் திறந்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஜிம்ப்பிலேயே அது திறக்கிறது. தனியாகத் திறக்க முடியுமா?

'-என்' விருப்பத்தைச் சேர்த்தால் புதிய நிரலோட்டம் ஒன்று தொடங்கும். மூலப் படத்தைத் தவறி மேலெழுதிவிடுவோமோ என்ற அச்சம்தான் காரணம் என்றால், '-ஏ' போதும்: படம் பெயரிடப்படாத நகலாகத் திறக்கும், சேமிக்கும்போது புதிய பெயர் கேட்கும்.

கேள்வி: ஒரு கோப்புறையில் உள்ள நூற்றுக்கணக்கான நிழற்படங்களை 1200 படப்புள்ளி அகலத்துக்குச் சுருக்க ஸ்கிரிப்ட் எழுதினேன். சில நேரம் முனையம் அப்படியே நின்றுவிடுகிறது. முடிந்த படங்களிலும் சில நசுங்கியிருக்கின்றன. எங்கே பிழை?

இதில் பல சிக்கல்கள் கலந்திருப்பதால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். பொதுவாக மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: சாளரத்தில் வேலை செய்யும்போது நிரல் நம்மிடம் கேட்டுக்கொள்வதையும், நமக்குத் தெரியாமலே சரிசெய்து தருவதையும் கட்டளை வரியில் நாமே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

கட்டளையின் அமைப்பு இவ்வாறு இருக்கும்:

ஜிம்ப் -ஐ -பி '(படம்-சுருக்கு "அ.ஜேபிஜி" 1200)' -பி '(ஜிம்ப்-க்விட் 0)'

இதில் '-ஐ' என்பது சாளரம் வேண்டாம் என்பதையும், '-பி' என்பது தொடர்ந்து வரும் கோவையைத் தொகுதிக் கட்டளையாக இயக்கு என்பதையும் குறிக்கின்றன. 'படம்-சுருக்கு' என்பது நீங்கள் எழுதிய செயல்கூறின் பெயர். அதற்கு நீங்கள் எந்தப் பெயரும் வைத்திருக்கலாம், ஆனால் அது உங்கள் பயனர் கோப்புறையில் உள்ள 'ஸ்கிரிப்ட்ஸ்' என்ற உட்கோப்புறையில் இருக்க வேண்டும். கட்டளைகள் நீளமாக இருந்தால் '-பி' என்பதற்குப் பின் வெறும் சிறுகோடு ஒன்றை மட்டும் இட்டு, அவற்றை உள்ளீட்டுக் குழாய் வழியே அனுப்பலாம்.

முனையம் நிற்பதற்கு மிகப் பொதுவான காரணம் 'ஜிம்ப்-க்விட்' நிறைவேறாமல் போவதே. சாளரம் இல்லாவிட்டாலும், வெளியேறச் சொல்லும் வரை ஜிம்ப் காத்துக்கொண்டுதான் இருக்கும். வெளியேறும் கட்டளையைச் செயல்கூறின் கடைசி வரியாக எழுதியிருந்தால், இடையில் ஒரே ஒரு படம் பிழை கொடுத்தாலும் இயக்கம் அந்த வரியை எட்டாது. ஆகவே மேலே காட்டியபடி அதைத் தனி '-பி' ஆகப் பிரித்து எழுதுங்கள். லினக்ஸில் 'டைம்அவுட்' கட்டளைக்குள் முழு வரியையும் வைத்துவிட்டால், எந்தக் காரணத்தால் நின்றாலும் குறித்த நேரத்தில் நிரல் முடிக்கப்பட்டுவிடும்.

இனிப் படங்கள் நசுங்குவதற்கு வருவோம். 'ஜிம்ப்-இமேஜ்-ஸ்கேல்' செயல்முறை அகலம், உயரம் என இரண்டு எண்களையும் கேட்கிறது. சாளரத்தில் இருக்கும் சங்கிலிக் குறி விகிதத்தைக் காப்பது போல இங்கே எதுவும் காக்காது. 4000 × 3000 அளவுள்ள கிடைமட்டப் படத்துக்கு 1200 × 900 என்று நிலையாக எழுதிவிட்டால், நின்ற வாக்கில் எடுத்த 3000 × 4000 படமும் அதே 1200 × 900 அளவுக்குள் அழுத்தப்படும்; அதற்கு உரிய உயரமோ 1600. எனவே ஒவ்வொரு படத்தின் அகலத்தையும் உயரத்தையும் முதலில் பெற்று, புதிய அகலத்தைப் பழைய உயரத்தால் பெருக்கிப் பழைய அகலத்தால் வகுத்து, முழு எண்ணாக்கித் தர வேண்டும். அவ்வாறு பெறும்போது ஒன்றை மறக்கக் கூடாது: ஜிம்ப்பின் ஸ்கிரிப்ட் மொழியான ஸ்கிரிப்ட்-ஃபுவில் அதன் செயல்முறைகள் விடையை ஒரு பட்டியலுக்குள் வைத்தே தருகின்றன. பட்டியலின் முதல் உறுப்பை எடுக்கும் 'கார்' என்ற சொல்லை விட்டுவிட்டால் கணக்கு அங்கேயே பிழையில் முடியும்.

சேமிப்பதிலும் இதே நிலைதான். சாளரத்தில் ஜேபெக் தரத்தை 0 முதல் 100 வரையிலான அளவில் பார்த்துப் பழகியிருப்போம்; செயல்முறையாக அழைக்கும்போது அது 0 முதல் 1 வரையிலான பின்ன எண், ஆகவே 85 அன்று, 0.85. பல அடுக்குகள் கொண்ட படமானால் சேமிக்கும் முன் தட்டையாக்க வேண்டும். இல்லையெனில் நீங்கள் சுட்டிய ஓர் அடுக்கு மட்டுமே ஜேபெக் கோப்பாகும். ஒவ்வொரு படமும் முடிந்த கையோடு 'ஜிம்ப்-இமேஜ்-டிலீட்' அழைப்பதும் இன்றியமையாதது. கட்டளையின் பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது வட்டில் உள்ள கோப்பைத் தொடாது, நினைவகத்தில் உள்ள படத்தை மட்டுமே விடுவிக்கும். அதை விட்டுவிட்டால் திறந்த படங்கள் அனைத்தும் நினைவகத்திலேயே சேர்ந்துகொண்டே போகும்.

செயல்முறைகளின் பெயர்களையும் அவை கேட்கும் மதிப்புகளின் வரிசையையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. உதவிப் பட்டியில் உள்ள செயல்முறை உலாவியில் அவை அனைத்தும் விளக்கத்துடன் உள்ளன.

கேள்வி: லினக்ஸில் ஓடும் அதே கட்டளை வரி விண்டோஸில் பிழை தருகிறது.

மேற்கோள் குறிகளைப் பாருங்கள். லினக்ஸில் வெளியே ஒற்றை மேற்கோளும் உள்ளே இரட்டை மேற்கோளும் இடுகிறோம். விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரம் ஒற்றை மேற்கோளை மேற்கோளாகவே கருதுவதில்லை. அங்கே வெளியே இரட்டை மேற்கோளிட்டு, உள்ளே வரும் ஒவ்வோர் இரட்டை மேற்கோளுக்கும் முன்னால் பின்சாய்வுக்கோடு இட வேண்டும். கோப்புப் பாதையிலும் பின்சாய்வுக்கோடு சிக்கல் தரும், ஏனெனில் ஸ்கிரிப்ட்-ஃபுவில் அதற்குச் சிறப்புப் பொருள் உண்டு. பாதைகளை முன்சாய்வுக்கோட்டால் எழுதுங்கள், விண்டோஸும் அதை ஏற்றுக்கொள்ளும்.

கேள்வி: ஜிம்ப்பின் அமைப்புகளைக் கொண்ட 'ஜிம்ப்ஆர்சி' கோப்பைத் திறந்தால் ஒரு சில வரிகளே இருக்கின்றன. மற்ற அமைப்புகள் எங்கே? கையால் திருத்தலாமா?

முன்னிருப்பு மதிப்பிலிருந்து மாறியவை மட்டுமே அந்தக் கோப்பில் எழுதப்படும், ஆகவே சில வரிகளே இருப்பது இயல்பு. முழுப் பட்டியலையும் காண 'ஜிம்ப் --டம்ப்-ஜிம்ப்ஆர்சி' என்று இயக்கினால், எல்லா அமைப்புகளும் முன்னிருப்பு மதிப்புகளுடன் முனையத்தில் அச்சாகும். கோப்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் மீள்வதற்கும் இதுவே வழி.

கோப்பு லினக்ஸில் உங்கள் இல்லக் கோப்புறையின் '.கான்ஃபிக்' என்பதற்குள், 'ஜிம்ப்', '2.10' என்ற கோப்புறைகளில் இருக்கும். விண்டோஸில் 'ஆப்டேட்டா'வின் 'ரோமிங்' பகுதியிலும், மேக்கில் 'லைப்ரரி'யின் 'அப்ளிகேஷன் சப்போர்ட்' பகுதியிலும் தேடுங்கள். கணினி முழுவதற்கும் பொதுவான இன்னொரு ஜிம்ப்ஆர்சியும் உண்டு. இரண்டும் முரண்பட்டால் உங்களுடையதே செல்லும். கையால் தாராளமாகத் திருத்தலாம், ஆனால் நிரலை மூடிவிட்டுத் திருத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் அமைப்புகளைச் சேமிக்கும்போது உங்கள் திருத்தத்தை அழித்துவிடக் கூடும்.

எழுதும் முறை எளிது: அடைப்புக்குறிக்குள் பெயர், ஓர் இடைவெளி, மதிப்பு. எடுத்துக்காட்டாக '(டைல்-கேஷ்-சைஸ் 2ஜி)' என்பது படத் தரவுக்கு 2 கிகாபைட் வரை நினைவகத்தைப் பயன்படுத்த இசைவு தருகிறது. அதைத் தாண்டிய பகுதி 'ஸ்வாப்-பாத்' சுட்டும் இடத்தில் வட்டுக்குப் போகும். பெரிய படங்களைக் கையாள்பவர்கள் மாற்ற வேண்டிய முதல் அமைப்பு இதுதான். அந்த அளவைக் கணினியின் மொத்த நினைவகத்துக்கு நிகராக வைத்துவிட்டு, ஏன் இன்னும் மெதுவாகிறது என்று கேட்பவர்கள் உண்டு. பிற நிரல்களுக்கும் இயக்குதளத்துக்கும் இடம் விட வேண்டாமா?

தொகுதி வேலைக்கு வேறு அமைப்புகள் தேவையென்றால் உங்கள் அன்றாடக் கோப்பைத் தொட வேண்டாம். இன்னொரு கோப்பை எழுதி, '-ஜி' விருப்பத்துக்குப் பின் அதன் பாதையைத் தந்தால் அந்த ஓட்டத்துக்கு மட்டும் அது பயன்படும்.

கேள்வி: திரையே இல்லாத சேவையகத்தில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே தொடங்கும் கிரான் வழியாக இரவில் இயக்க வேண்டும். முனையத்தில் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை.

கன்சோல் வடிவத்தைப் பயன்படுத்துங்கள், அது காட்சித்திரையைத் தேடுவதில்லை. கிரான் உங்கள் வழக்கமான சூழல் மாறிகளை (நிரல்கள் படித்துக்கொள்ளும் பெயரிட்ட மதிப்புகளை) தராது, நீங்கள் நிற்கும் கோப்புறையிலிருந்தும் தொடங்காது. எனவே இயக்கக் கோப்பு, படங்கள் எல்லாவற்றுக்கும் முழுப் பாதையைத் தர வேண்டும். வேலையை வேறொரு பயனர் பெயரில் ஓட விட்டிருந்தால், உங்கள் இல்லக் கோப்புறையில் உள்ள ஸ்கிரிப்ட் அந்தப் பயனருக்குத் தெரியாது. 'ஜிம்ப்2_டைரக்டரி' என்ற சூழல் மாறியில், முழுவதும் பேரெழுத்தில், அந்தப் பயனர் எழுதக்கூடிய ஒரு தனிக் கோப்புறையைச் சுட்டி, ஸ்கிரிப்டை அதற்குள் வைப்பதே சீரான தீர்வு. இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடுமானால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்புறை கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: வெறுமனே அளவைச் சுருக்க ஜிம்ப் தேவைதானா?

தேவையில்லை. அளவு மாற்றுதல், வடிவம் மாற்றுதல் போன்றவற்றுக்கு இமேஜ்மேஜிக் கருவித்தொகுப்பே பொருத்தமானது. விகிதத்தையும் அது தானே காத்துக்கொள்ளும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். அதன் 'மோக்ரிஃபை' கட்டளை மூலப் படங்களின் மேலேயே எழுதிவிடும், எனவே '-பாத்' விருப்பத்தால் வேறு கோப்புறையைக் காட்டுங்கள். விண்டோஸில் 'கன்வெர்ட்' என்ற பெயரில், வட்டுப் பகிர்வை என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமைக்கு மாற்றும் கருவி ஏற்கெனவே இருப்பதால், 7ஆம் பதிப்பின் 'மேஜிக்' என்ற கட்டளைப் பெயரையே பயன்படுத்துங்கள். ஜிம்ப்புக்கே உரிய அடுக்குக் கோப்புகளும் வடிப்பான்களும் தேவைப்படும்போது ஜிம்ப்புக்குத் திரும்பலாம்.

கேள்வி: 3.0 பதிப்புக்கு மாறியதும் பழைய ஸ்கிரிப்டுகள் ஓடவில்லை.

2025 மார்ச்சில் வெளியான 3.0 பதிப்பில் பல செயல்முறைகள் பெயர் மாறியுள்ளன, சில நீக்கப்பட்டுள்ளன, கோப்பைத் திறக்கவும் சேமிக்கவும் தரும் மதிப்புகளின் எண்ணிக்கையும் மாறியுள்ளது. பைத்தான் 2இல் எழுதியவற்றை பைத்தான் 3க்கு மாற்றி எழுத வேண்டும். சூழல் மாறியின் பெயரிலும் 2 என்பது 3 ஆகிவிட்டது. வெளியேறுவதற்கு '--க்விட்' என்ற தனி விருப்பம் வந்திருப்பது வரவேற்கத்தக்கது. சொன்ன வேலை முடிந்ததும் நிரல் தானே மூடிக்கொள்ளும்.

இரண்டு பதிப்புகளும் தனித்தனிப் பயனர் கோப்புறைகளைக் கொண்டிருப்பதால் ஒரே கணினியில் சேர்ந்து இருக்கலாம். பழைய தொகுதி வேலைகளை 2.10இலேயே ஓட விட்டு, ஒவ்வொரு ஸ்கிரிப்டாக 3.0இன் செயல்முறை உலாவியுடன் ஒப்பிட்டுத் திருத்துங்கள். கோப்பைத் திறக்கும் வரியையும் சேமிக்கும் வரியையும் முதலில் திருத்தி, ஒரே ஒரு படத்தில் ஓட்டிப் பார்த்த பின்னரே இடையில் உள்ள வரிகளுக்குச் செல்லுங்கள்.