பணமாகக் கேட்காதீர்கள், வேலையாகக் கேளுங்கள்

கேள்வி: ஐயா, சேலத்தில் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கும் நாங்கள் பத்துப் பேர், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்காக ஆறு சக்கர நிலவு ரோவர் ஒன்று செய்கிறோம். மதிப்பீடு 1,85,000 ரூபாய். கல்லூரி 40,000 தருகிறது. ஸ்பான்சர் கேட்டு ஏழு கம்பெனிகளுக்கு மெயில் போட்டோம், பதிலே இல்லை. ஓட்டிப் பார்க்க நிலவு மண் மாதிரியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவே 30,000 ஆகும்போல் இருக்கிறது. எதைக் குறைப்பது?

பதில்: தம்பி, முதலில் அந்த 30,000-ஐ அடித்துவிடுங்கள். சந்திரயான்-2 சோதனைக்கு இஸ்ரோவுக்கு 60, 70 டன் மண் தேவைப்பட்டது. அமெரிக்காவில் அப்போது விலை கிலோ 150 டாலர். கடைசியில் உங்களுக்குப் பக்கத்தில், நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலையில் கிடைக்கும், நிலவு மண்ணோடு ஒத்துப்போகும் அனார்த்தோசைட் பாறையை கிரஷரில் பொடித்து பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். உங்கள் ஊர் பெரியார் பல்கலைக்கழகத்தாரும் அதில் உழைத்தார்கள். இந்த மண்ணுக்கென 25 கோடி ரூபாய் ஒதுக்கியிருந்தும், வேலை செய்து கொடுத்தவர்கள் கூலி வாங்காததால் செலவு வெகுவாகக் குறைந்ததாக முன்னாள் இஸ்ரோ விஞ்ஞானி மயில்சாமி அண்ணாதுரை சொல்லியிருக்கிறார்.

உங்கள் சக்கரம் புதைகிறதா, வழுக்குகிறதா என்று பார்க்க கிரஷர் டஸ்ட்டே போதும். ஆற்று மணல் வேண்டாம், அது உருண்டை. நிலவுத் தூளுக்கு முனைகள் கூர்மை. உடைத்த கல்தூளுக்கும் அப்படித்தான். முகக்கவசம் இல்லாமல் யாரும் அதில் இறங்கக் கூடாது.

இனி மெயில் போடுவதை விடுங்கள். வரைபடத்தை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்கு நேரில் போங்கள். "சக்கரத்துக்கு நடுவுல வர்ற ஹப் ஆறு கடையணும், மெட்டீரியல் நாங்க கொண்டு வர்றோம், மெஷின் சும்மா இருக்கும்போது செஞ்சு தாங்கண்ணே" என்று கேளுங்கள். பாலிடெக்னிக் பட்டறையில் 31 வருடம் இருந்தவன் சொல்கிறேன், பணம் கேட்டால் தயங்குகிறவர் வேலை கேட்டால் மறுப்பது அபூர்வம். எங்கள் பையன்களுக்கு ஹப் கடைந்து கொடுத்த ஒருவர், பேரிங் உட்காரும் இடத்தின் அளவு தப்பு என்று டிராயிங்கையே திருத்திக் கொடுத்தார். அதை நானே கவனிக்கவில்லை.

மோட்டாருக்கு, பழைய ஸ்பேர்ஸ் கடையில் கார் வைப்பர் மோட்டார் கேளுங்கள். உள்ளே வார்ம் கியர் இருப்பதால் இழுவை அதிகம். கரண்ட் நின்றாலும் சரிவில் பெரும்பாலும் உருளாது. கனம்தான் குறை. போட்டியில் எடை வரம்பு உண்டா என்று விதிகளைப் படித்துவிட்டு வாங்குங்கள். சக்கரத்துக்கு எட்டு அங்குல பிவிசி பைப்பை வளையமாக அறுத்து, மேலே அலுமினிய ஆங்கிளைத் துண்டு துண்டாக ரிவிட் அடியுங்கள்.

நிலவின் ஈர்ப்பு இங்குள்ளதில் ஆறில் ஒரு பங்கு. அதற்காக இஸ்ரோ ரோவரில் ஹீலியம் பலூன் கட்டியது. உங்களுக்குக் கப்பி போதும்: வண்டி 30 கிலோ என்றால் கயிற்றின் மறுமுனையில் 25 கிலோ தொங்கவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

பேட்டரிச் செலவை மட்டும் குறைக்காதீர்கள். ஒரு வருடம் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று நான் சம்மதித்து வாங்கிய லித்தியம் பேட்டரியில் பாதுகாப்பு சர்க்யூட் இல்லை. போட்டிக்கு முதல்நாள் இரவு அது உப்பிப் புகைந்தது. பக்கத்தில் பையன்கள் படுத்திருந்தார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறும். நல்ல பேட்டரி, சரியான சார்ஜர், ஃபியூஸ் மூன்றையும் முழு விலை கொடுத்தே வாங்குங்கள். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட நிதிக்குக் கல்லூரி மூலம் விண்ணப்பியுங்கள். தொகை சிறியதுதான், ஆனால் வந்தால் பேட்டரிச் செலவில் ஒரு பகுதியைத் தாங்கும்.