1828 உறுப்பினர் சான்றிதழில் உள்ள லாட்ஜ் (சங்கக் கிளை) எண் இன்றைய பட்டியலில் வேறு ஊரைக் காட்டுவது ஏன்?

சான்றிதழ் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். எண்தான் மாறியிருக்கிறது. இங்கிலாந்தின் ஃப்ரீமேசன் (ஒரு சகோதரத்துவ அமைப்பு) தலைமைச் சங்கம் 1832-லும் 1863-லும் எல்லா லாட்ஜ்களுக்கும் புது எண் கொடுத்தது. மூடிப்போனவற்றின் எண்கள் அப்படியே மற்றவர்களுக்குப் போய்விட்டன. இங்கிலாந்தின் லங்காஷயர் கவுண்டியில் (மாவட்டத்தில்) 1828-ல் இருந்த எண்ணை இன்றைய பட்டியலில் தேடினால் வேறு ஊர் வருவது சகஜம்.

எண்ணை விட்டுவிட்டு ஊரையும் மதுவிடுதியின் பெயரையும் வைத்துத் தேடுங்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் மதுவிடுதி மாடியில்தான் கூடுவார்கள். சொந்தக் கட்டடம் எல்லாம் பிற்பாடு வந்த வசதி. ஜான் லேன் என்பவர் தொகுத்த ஃப்ரீமேசன் லாட்ஜ் பட்டியல் இணையத்தில் இலவசம். ஒவ்வொரு லாட்ஜுக்கும் மாறிய எண்கள், கூடிய இடங்கள், ஆண்டுகள் வரிசையாக இருக்கும்.

அப்புறம் ஆளின் பெயரைச் சரிபார்க்க: 1799 சட்டப்படி ஒவ்வொரு லாட்ஜும் உறுப்பினர் பெயர், முகவரி, தொழிலோடு ஆண்டுதோறும் கவுண்டியின் காலாண்டு நீதிமன்ற எழுத்தரிடம் பட்டியல் தர வேண்டியிருந்தது. லங்காஷயரின் காலாண்டு நீதிமன்ற ஆவணங்கள் பிரெஸ்டனில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எல்லா ஆண்டுப் பட்டியலும் தப்பிப் பிழைத்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. தாளில் 'மேசன்' என்ற சொல் இருக்கிறதா, பாருங்கள். மான்செஸ்டரில் 1810-ல் தொடங்கிய ஆட்ஃபெல்லோஸ் என்ற பரஸ்பர உதவிச் சங்கத்தாரும் கிளையை லாட்ஜ் என்றுதான் சொன்னார்கள். எண் போட்டார்கள், மதுவிடுதியில்தான் கூடினார்கள். அவர்களுடையது என்றால் லேன் பட்டியலில் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது.