வாடகை வீட்டுக்குக் காவல் துறையின் உரிமமா?

கேள்வி: ஹெச்-1பி விசாவில் ஒமாஹாவில் பணிபுரியும் என் மகன், அருகிலுள்ள ஃப்ரீமான்ட் நகரில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறான். குடிபோவதற்கு முன் காவல் துறையிடம் ஐந்து டாலர் கட்டி உரிமம் பெற வேண்டும் என்று வீட்டு உரிமையாளர் சொல்கிறாராம். இப்படியொரு சட்டம் உண்மையிலேயே உண்டா? அவனுடைய ஐ-94 (அமெரிக்காவில் எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் தாள்) அடுத்த மாதம் காலாவதியாகிறது. நிறுவனம் நீட்டிப்பு மனு அளித்துவிட்டது, முடிவு வரவில்லை.

பதில்: உண்டு. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஃப்ரீமான்ட் நகர வாக்காளர்கள் 2010 ஜூன் மாதம் பொது வாக்கெடுப்பில் இதை நிறைவேற்றினார்கள். 2014 பிப்ரவரியில் வீட்டு வாடகை தொடர்பான பகுதியை நீக்கலாமா என்று மறுபடியும் கேட்கப்பட்டபோது, வேண்டாம், இருக்கட்டும் என்றே பெரும்பான்மையோர் வாக்களித்தார்கள். சொந்த வீட்டில் இருப்பவருக்கு இந்த உரிமம் தேவையில்லை, வாடகைக்கு வருபவருக்கு மட்டுமே தேவை என்பதிலிருந்தே சட்டம் யாரைக் குறிவைத்தது என்பது விளங்கும்.

அச்சப்பட வேண்டாம். அமெரிக்கக் குடிமகனுக்கும் இதே உரிமம்தான். விண்ணப்பத்தில் குடிமகன் அல்லாதவர், தாம் சட்டப்படி தங்கியிருப்பதைக் காட்டும் எண் ஒன்றைக் குறிப்பிட வேண்டும், அல்லது அப்படி ஓர் எண் தமக்குத் தெரியாது என்று எழுதித் தர வேண்டும். உரிமம் அப்போதே தரப்பட்டுவிடும். சரிபார்ப்பு அதற்குப் பிறகு, மத்திய அரசிடம் கேட்டு நடக்கும். எதிர்மறையான பதில் வந்தால்கூட விளக்கம் தர அவகாசம் கொடுத்து, மறுபடியும் மத்திய அரசிடம் கேட்ட பிறகே உரிமத்தை ரத்து செய்ய முடியும்.

உங்கள் மகனைப் பொறுத்தவரை, ஐ-94 முடிவதற்குள் நீட்டிப்பு மனு அளிக்கப்பட்டிருப்பதால், அதே நிறுவனத்தில் அவர் மேலும் 240 நாட்கள் வரை வேலையைத் தொடர விதி அனுமதிக்கிறது. ஆனால் கையிலுள்ள தாளில் அச்சாகியிருப்பது பழைய தேதி. ஆகவே மனு பெறப்பட்டதற்கான ஐ-797 ரசீதின் நகலை ஐ-94 தாளோடு சேர்த்தே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வேறு ஊர்களில் இத்தகைய சட்டங்களை நீதிமன்றங்கள் ரத்து செய்ததாகப் படித்தேனே?

பதில்: சரியாகவே படித்திருக்கிறீர்கள். பென்சில்வேனியாவின் ஹேசல்டன் நகரம் 2006-இல், மேயர் லூ பார்லெட்டாவின் முயற்சியால், இவ்வகைச் சட்டத்துக்கு வழிகாட்டியது. டாலஸை ஒட்டிய ஃபார்மர்ஸ் பிராஞ்ச் பின்தொடர்ந்தது. இரண்டையும் 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் செல்லாதவை என்றன. ஒருவர் இந்நாட்டில் குடியிருக்கலாமா என்பதை முடிவு செய்வது மத்திய அரசின் வேலை. வீடு கிடைக்காமல் செய்வதன் மூலம் அந்த முடிவை நகராட்சி தன் கையில் எடுத்துக்கொள்ள முடியாது என்பது ஹேசல்டன் தீர்ப்பின் சாரம். அதே 2013-இல், நெப்ராஸ்கா அடங்கிய பகுதிக்கான எட்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமோ, வாடகை உரிமம் கேட்பது யாரையும் நாட்டைவிட்டு வெளியேற்றுவதாகாது என்று சொல்லி, ஃப்ரீமான்ட் சட்டத்தை நிலைநிறுத்தியது. 2014-இல் மூன்று வழக்குகளையும் விசாரணைக்கு ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆகவே ஒரே வகைச் சட்டம் ஹேசல்டனில் செல்லாது, ஃப்ரீமான்ட்டில் செல்லும்.

ஹேசல்டன் வாதமே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. குடிவரவு நிலை என்பது ஆம், இல்லை என்று முத்திரை குத்திவிடக்கூடிய ஒன்றல்ல. முடிவுக்குக் காத்திருக்கும் நீட்டிப்பு மனு, புகலிட விண்ணப்பம், குடிவரவு நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கு என்று இடைநிலையில் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் ஏராளம். தேர்ந்த வழக்கறிஞர்களே யோசித்துப் பதில் சொல்லும் கேள்வியை வாடகை ஒப்பந்தத்தின் வாசலில் வைப்பது பொருத்தமாக இல்லை. (உங்கள் மகனின் தாளையே முதன்முறை பார்ப்பவர், அடுத்த மாதம் என்ன நினைப்பார்?)

கேள்வி: இத்தகைய சட்டம் இல்லாத ஊரிலும் வீட்டு உரிமையாளர் விசாவைக் கேட்கலாமா?

பதில்: மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். 1968-ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் இனம், நிறம், மதம், பூர்விக நாடு போன்றவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது; குடிவரவு நிலை அந்தப் பட்டியலில் நேரடியாக இல்லை. எனவே எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே மாதிரி ஆவணம் கேட்பவர்மீது குறை சொல்வது கடினம். தோற்றத்தையோ உச்சரிப்பையோ வைத்துச் சிலரிடம் மட்டும் கேட்பவர் அந்தச் சட்டத்தின்கீழ் சிக்கிக்கொள்வார். மத்திய வீட்டுவசதித் துறையிடம் ஓராண்டுக்குள் புகார் அளிக்கலாம். கலிஃபோர்னியா 2007-இல் இயற்றிய சட்டம் இதற்கும் ஒரு படி மேலே போய், வாடகைதாரரின் குடிவரவு நிலையை விசாரிக்கும்படி நகராட்சிகள் உரிமையாளர்களைக் கட்டாயப்படுத்துவதையும், உரிமையாளர்கள் தாமாக அதை விசாரிப்பதையும் தடை செய்துவிட்டது. அங்கே அடையாளத்தைச் சரிபார்க்கவும் வாடகை கட்டும் வசதி உண்டா என்று பார்க்கவும் ஆவணம் கேட்கலாம். அதற்கு உங்கள் மகன் கடவுச்சீட்டையும் சம்பளச் சீட்டையும் காட்டினால் போதும்.