தொடக்க வகுப்பு முதல் மேல்நிலை வரை ஒரே சர்வதேசப் பள்ளியில் பிள்ளையைப் படிக்க வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். ஆனால் சேர்ப்பதற்கு முன், எந்த வகுப்பில் எந்தப் பாடத்திட்டம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயரில் இருக்கும் ‘இன்டர்நேஷனல்’ அதைச் சொல்லாது.

நான் இப்படியொரு பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து மேலே கணக்கு எடுக்கிறேன். இத்தகைய பள்ளிகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியேட்) அமைப்பு 1968-இல் ஜெனீவாவில் தொடங்கியபோது பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கான டிப்ளமோ மட்டும்தான் இருந்தது. நடுநிலைத் திட்டம் 1994-இலும் தொடக்கநிலைத் திட்டம் 1997-இலும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பள்ளி தனியாக அங்கீகாரம் வாங்க வேண்டும். அதனால் கீழே ஐபி, நடுவில் கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பு அளவில் தேர்வு வைக்கும் பாடத்திட்டம்), மேலே மறுபடி ஐபி என்று கலந்து நடத்தும் பள்ளிகளும் உண்டு. அதில் தவறில்லை. பிள்ளைகள் தடுமாறுவது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில்தான்.

ஐபி தொடக்கநிலையின் கடைசி ஆண்டில் பிள்ளைகளே ஒரு பிரச்சினையை எடுத்து ஆராய்ந்து கண்காட்சி வைப்பார்கள். நிலத்தடி நீரைப் பற்றி ஒரு பையன் படம் வரைந்து, வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் அசராமல் பதில் சொன்னான். அதே பையன் ஆறாம் வகுப்பில் முதல் கணக்குத் தேர்வில் விடையை மட்டும் எழுதி வைத்திருந்தான். விடை சரி, வழிமுறை ஒரு வரிகூட இல்லை. படிப்படியாக எழுதச் சொல்லி அதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் வீட்டில் பயந்துவிட்டார்கள். இந்த மாற்றத்துக்குப் பிள்ளைகளை எப்படித் தயார் செய்கிறீர்கள் என்று பள்ளியிடம் கேளுங்கள். ஆறாம் வகுப்பு நோட்டு ஒன்றைக் காட்டச் சொல்லியும் பாருங்கள்.

அப்புறம், பெற்றோர் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. ஐஜிசிஎஸ்இ கணக்கில் கோர் (அடிப்படை), எக்ஸ்டெண்டட் (விரிவானது) என்று இரண்டு பிரிவுகள். எழுத்துக் கிரேடு முறையில் கோர் எழுதினால் சி-க்கு மேல் கிடைக்காது. அதை வைத்துக்கொண்டு டிப்ளமோவில் உயர்நிலைக் (ஹையர் லெவல்) கணக்கு எடுப்பது மிகக் கடினம். பொறியியல் ஆசை உள்ள பிள்ளைக்கு வழி அங்கேயே குறுகிவிடுகிறது. எந்தப் பிரிவு என்பதை யார், எப்போது, எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று கேளுங்கள். டிப்ளமோவில் ஆறு பாடங்கள், 4,000 சொல் வரையிலான ஆய்வுக் கட்டுரை, மொத்தம் 45 புள்ளிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.