குளிர்காலமும் கஷாயமும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

தில்லிக்கு மாற்றலாகி வந்து இது இரண்டாவது குளிர்காலம். இந்த முறை ஆயுர்வேத முறைப்படி இருக்கலாம் என்று டிசம்பர் முதல் வாரத்தில் ஆரம்பித்தேன். சுக்கு, மிளகு, துளசி, பட்டை போட்ட கஷாயம் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர், மாலையில் ஒன்று. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். தினமும் தலை முதல் கால்வரை நல்லெண்ணெய் தேய்த்து, பொறுக்கும் அளவுக்குச் சூடான வெந்நீரில் தலைக்குக் குளிக்கிறேன். பத்து நாளாக மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல், வாய்ப்புண். முடி கொட்டுகிறது, காலில் தோல் செதில் செதிலாக உரிகிறது. 'கழிவு வெளியேறுகிறது, விடாமல் செய்' என்கிறார்கள் அலுவலகத்தில். எங்கே தவறு?

ஆர்., புதுதில்லி

*

அன்புள்ள ஆர்.,

கழிவெல்லாம் ஒன்றும் இல்லை. நெஞ்செரிச்சலும் வாய்ப்புண்ணும் பெரும்பாலும் கஷாயத்தின் வேலை. நாளைக் காலையிலிருந்து அதை நிறுத்துங்கள், காலைச் சாப்பாட்டைத் திரும்ப ஆரம்பியுங்கள்.

வாக்படர் எழுதிய பழைய ஆயுர்வேத நூல் அஷ்டாங்க ஹிருதயம். அதன் முதல் பகுதியான சூத்திர ஸ்தானத்தில் மூன்றாம் அத்தியாயம் ருதுசரியை, அதாவது பருவத்துக்கேற்ற வாழ்க்கைமுறை. ஹேமந்த ருதுவுக்கு, அதாவது நம் முன்பனிக் காலத்துக்கு, அது முதலில் பேசுவதே பசியைப் பற்றித்தான். வெளிக்குளிர் உடம்பின் சூட்டை உள்ளே அடைத்துவிடுகிறது. அதனால் திடமான உடம்பில் ஜடராக்கினி, அதாவது செரிக்கும் நெருப்பு, மூண்டு எரிகிறது. அதற்கு இரை போடாவிட்டால் அது ரத்தம், சதை முதலிய உடம்பின் தாதுக்களையே தின்னும் என்கிறது. இரவு நீளம், ஆகவே விடியும்போதே பசிக்கும் என்றும் சொல்கிறது. இனிப்பு, புளிப்பு, உப்பு. கோதுமை, உளுந்து, புது அரிசி, பால், வெல்லம், நெய், மாமிச ரசம் என்று அது அடுக்குவது முழுக்க முழுக்கச் சாப்பாடு. நீங்களோ எரிகிற அடுப்பை ஊதிவிட்டுக்கொண்டு உலையே வைக்காமல் இருக்கிறீர்கள். சென்னை மார்கழிக்கு இந்த அத்தியாயத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் படிக்க வேண்டும். தில்லிக் குளிருக்கு அப்படியே பொருந்தும்.

தினசரிக் கஷாயம் பல வீடுகளில் 2020இல் நுழைந்த பழக்கம். கொரோனா சமயத்தில் ஆயுஷ் அமைச்சகம் சொன்ன கலவை துளசி 4 பங்கு, பட்டை 2, சுக்கு 2, மிளகு 1. அந்தப் பொடியில் 3 கிராம், 150 மி.லி. தண்ணீரில், நாளைக்கு ஒன்றிரண்டு தடவை. மூன்று கிராம் என்றால் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். வீடுகளில் நடப்பது வேறு: கைப்பிடி மிளகைத் தட்டிப் போட்டு, நாலு டம்ளரை ஒன்றாகச் சுண்டவைப்பார்கள். தொண்டை கரகரக்கும்போது மூன்று நாள், சாப்பிட்ட பிறகு, மேலே சொன்ன அளவில் குடியுங்கள். மற்ற நாளில் வேண்டாம்.

காலையில் நெய் விட்ட மிளகுப் பொங்கல், அல்லது பாலில் வேகவைத்த கோதுமை ரவை. பத்து மணிவாக்கில் எள்ளுருண்டை ஒன்று. அங்கே கிடைக்கும் கஜக்கும் அதே எள்ளும் வெல்லமும்தான். நெல்லிக்காய் சந்தைக்கு வரும் பருவம் இது, விட்டுவிடாதீர்கள். நெல்லிக்காய் லேகியமான சியவனப்பிராசம் ஒரு டீஸ்பூன் போதும். அதில் கணிசமான பங்கு சர்க்கரை, ஆகவே நீரிழிவுக்காரர்களுக்கு ஆகாது.

இனி எண்ணெய். மூக்கு திறக்கும்வரை எண்ணெயும் வேண்டாம், தலைக்குளியலும் வேண்டாம். அதே நூலின் இரண்டாம் அத்தியாயம் தினமும் அப்யங்கம், அதாவது எண்ணெய் தேய்ப்பு, செய்யச் சொல்லிவிட்டு, கபம் கட்டியவர்களுக்கும் அஜீரணக்காரர்களுக்கும் கூடாது என்று உடனே விலக்குகிறது. மூக்கடைப்புச் சளியான பீனசத்தில் குளியலையே தடுக்கிறது. வெந்நீர் கழுத்துக்குக் கீழே பலம், தலையில் ஊற்றினால் முடிக்கும் கண்ணுக்கும் கேடு என்பதும் அங்கேதான் இருக்கிறது. 'தினமும்' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த வரிகளை விட்டுவிடுகிறார்கள்.

சளி விட்ட பிறகு இப்படிச் செய்யுங்கள். உடம்புக்கு 40 மி.லி. நல்லெண்ணெய் தாராளம். அடுப்பில் நேராக வைக்காமல், கிண்ணத்தோடு வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்தால் இளஞ்சூடாகிவிடும். தேங்காயெண்ணெய் அந்தக் குளிரில் கல்லாக உறைந்திருக்கும். கடுகெண்ணெய் ஊர் வழக்கம்தான், ஆனால் உரியும் தோலில் எரியும். கை கால்களில் நீளவாக்கில், மூட்டுகளில் வட்டமாக, வயிற்றில் தொப்புளைச் சுற்றி வலஞ்சுழியாகத் தேயுங்கள். உள்ளங்காலுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அதை அமுக்கக் கூடாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். தலைக்கு எண்ணெய் வாரம் ஒருநாள், இரண்டு டீஸ்பூன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வெயில் அதற்குத் தோது. எண்ணெயோடு ஊற வேண்டியது இருபது நிமிடம். சில்லென்ற குளியலறையில் ஒரு மணி நேரம் வெடவெடத்து நின்றால் எண்ணெயால் பயனில்லை.

கழுவுவதில்தான் உங்கள் கால் தோல் கெட்டது. கொதிநீரும் சோப்பும் தோலின் சொந்த எண்ணெயையும் சேர்த்து எடுத்துவிடுகின்றன. அறை ஹீட்டர் மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. மூன்று மேஜைக்கரண்டி பயத்தமாவை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துப் பூசி, அது எண்ணெயைக் குடித்ததும் உருட்டி எடுங்கள். விரலை வைத்தால் வழவழப்பு லேசாக மிஞ்ச வேண்டும். கீச்சென்று சத்தம் வந்தால் அதிகமாகத் தேய்த்துவிட்டீர்கள். சோப்பு அக்குளுக்கும் இடுக்குகளுக்கும் போதும். மாவும் எண்ணெயும் சேர்ந்து குளிரில் குழாய்க்குள் இறுகிவிடும், ஆகவே உதிர்வதைக் காகிதத்தில் அள்ளிக் குப்பையில் போடுங்கள். எண்ணெய்த் துண்டை ஹீட்டர்மேல் காயப்போட வேண்டாம், தீப்பிடிக்கும். தரை வழுக்கும், மிதியடி போடுங்கள். கேஸ் கீசராக இருந்தால் ஜன்னலை அடைக்காதீர்கள். மூடிய குளியலறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளையே கொன்றுவிடும்.

வெளியே கிளம்பும்முன் சுண்டுவிரல் நுனியில் நல்லெண்ணெய் தொட்டு மூக்குத் துவாரத்தின் உள்சுவரில் தடவலாம், வறட்சி அடங்கும். இதுவும் சளி இல்லாத நாளில்தான். காணொளிகளைப் பார்த்துப் படுத்தபடி கரண்டியால் ஊற்றிக்கொள்ளாதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. தில்லிப் புகைக்கு எண்ணெய் தடுப்பாகாது. அதற்கு முகக்கவசம், ஃப்ளூவுக்குத் தடுப்பூசி. மூக்கடைப்பு இன்னும் ஒரு வாரம் நீடித்தாலோ, காய்ச்சலோ இளைப்போ சேர்ந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

பிப்ரவரி கடைசியில் வெயில் ஏறும்போது இந்தச் சாப்பாட்டை அப்படியே தொடராதீர்கள். பின்பனியில் சேர்ந்த கபம் அப்போது இளகி, பசியை மந்தமாக்கும். வெல்லம், உளுந்து, நெய் மூன்றையும் பாதியாக்கி, பார்லியும் பழைய கோதுமையும் தேனும் சேருங்கள். சுக்குக்கும் மிளகுக்கும் உரிய பருவம் அதுதான். வயிறு ஆறியிருந்தால் அப்போது திரும்ப எடுக்கலாம், சாப்பாட்டுக்குப் பிறகு.